லித்தியத்துக்கு மாறிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. டிரெய்லரில் இருந்த பழைய ஈய-அமில பேட்டரியைக் கழற்றிவிட்டு, 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியைப் பொருத்திவிட்டதாகவும், இழுக்கும் வண்டியிலிருந்து வரும் பழைய வயரிலேயே இணைத்தும் சார்ஜ் ஏறுவதாகவும் நேற்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னாய். அப்போது குறுக்கே பேச மனம் வரவில்லை. புறப்படுவதற்கு முன் நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப, தான் வாங்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீ பொருத்தியது போன்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், ஏறக்குறைய முழுவதும் நிரம்பும் வரை, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோ, இன்ஜினைக் கிளப்பும்போது செலவான சிறிதளவு மின்சாரத்தை ஈடுகட்டிவிட்டு, விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டியதைக் கொடுப்பதற்காக அமைக்கப்பட்டது. மணிக்கணக்கில் முழுத்திறனோடு உழைப்பதற்காக அன்று.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக லித்தியம் வாங்கிய ஆண்டில், தடித்த வயரை நேரடியாக இழுத்து இணைத்துவிட்டு, தங்கிய இடத்தில் வண்டியை நிறுத்தி, சார்ஜ் ஏறட்டும் என்று இன்ஜினை மட்டும் ஓடவிட்டிருந்தேன். இன்ஜின் மெதுவாக ஓடினால் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். குளிர்விக்கும் காற்று குறையும், பேட்டரி கேட்கும் ஆம்பியர் மட்டும் குறையாது. முக்கால் மணி நேரத்தில் வார்னிஷ் கருகும் நெடி வந்தது. பின்னர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, பொன்னிறமாக இருக்க வேண்டிய செம்புச் சுருள் ஒரு பக்கம் முழுவதும் கரிபோலக் கறுத்திருந்தது.

உன் டிரெய்லரில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. ஏழு முனை பிளக் வழியாக வரும் சார்ஜ் வயர் பெரும்பாலும் 10 அல்லது 12 கேஜ்தான் இருக்கும் (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு; எண் கூடக் கூட வயர் மெல்லியது). 10 கேஜ் என்றே வைத்துக்கொள்வோம். போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என்றால் மின்தடை ஏறக்குறைய 0.065 ஓம், அதில் 20 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் டிரெய்லருக்கு வந்து சேர்வது 12.9. பாதி நிரம்பிய லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்பதால், அந்த 20 ஆம்பியர் அதற்குள் போக வழியே இல்லை; பிளக் முனைகளின் இழப்பையும் கணக்கில் கொண்டால் 10 ஆம்பியர் போனாலே பெரிது. நாள் முழுவதும் ஓட்டினாலும் 200 ஆம்பியர்-அவரில் பாதியைக்கூட நிரப்புவது கடினம். எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும் புதுவகை ஆல்டர்னேட்டராக இருந்தால், அவ்வளவுகூடக் கிடைக்காது. ஆகவே வயர் மெல்லியதாக இருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கும்; தடித்ததாக இருந்தால் ஆல்டர்னேட்டர் எரியும்.

இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடியது டிசி-டிசி சார்ஜர். வரும் மின்னழுத்தம் குறைந்திருந்தாலும் 14.4 வோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுக்கும். மின்னோட்டத்தைத் தன் அளவுக்கு மேல் விடாது. அதை டிரெய்லர் பேட்டரியின் அருகிலேயே பொருத்து. ஒன்றை மறந்துவிடாதே: வெளியே கொடுப்பதைவிட உள்ளே அதிக ஆம்பியரை அது இழுக்கும். 20 ஆம்பியர் சார்ஜர் 14.4 வோல்ட்டில் கொடுப்பது 288 வாட். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 320 வாட் வரை தேவைப்படும். 12 வோல்ட்டில் வாங்கினால் அது ஏறக்குறைய 27 ஆம்பியர். உன் பழைய பிளக்குக்கு அது தாங்காது. எனவே 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, அதிக மின்னோட்டம் தாங்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் போட்டு, 30 ஆம்பியர் சார்ஜர் வைத்துக்கொள் என்பதே என் கருத்து. ஐந்து மணி நேர ஓட்டத்தில் 150 ஆம்பியர்-அவர் சேரும்.

நெகட்டிவ் வயரும் அதே தடிமனில் பேட்டரி முதல் பேட்டரி வரை போக வேண்டும். மின்சாரம் திரும்பும் வழியாக இழுவைக் கொக்கியின் இரும்பை நம்பாதே. இரண்டு முனைகளிலும் பேட்டரி இருப்பதால், இரண்டு பக்கமும் பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் சார்ஜர் இயங்கும்படி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயரையும் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் வண்டி பேட்டரி வடிந்து, காலையில் வண்டி கிளம்பாது. உறைநிலைக்குக் கீழே குளிரும் இடத்துக்குப் போவதாக இருந்தால், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி பேட்டரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அந்தக் குளிரில் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் மீளாமல் கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பிளக்கைக் கையால் தொட்டுப் பார். இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் முனை தளர்ந்திருக்கிறது, அப்படியே தொடராதே. பிறகு, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்து, வண்டி பேட்டரியிலும் சார்ஜருக்குள் நுழையும் இடத்திலும் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நீ புறப்படும் நாளைத் தள்ளிவைத்தாவது சேர்ந்தே சரிசெய்வோம்.

அன்புடன்,
அப்பா