கயிற்றோரம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும், கரைக்கு வந்த மற்ற எல்லோருக்கும்

கடலில் கொட்டிய எண்ணெய் எங்கள் கரையில் ஒதுங்கியபோது வந்து கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. நீங்களே பார்த்தீர்கள், அந்த நாற்றத்தில் நின்றீர்கள், உங்கள் செருப்பிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். நேற்றுதான் முதல் படகு கடலுக்குப் போய்த் திரும்பியது. வலையில் கறுப்பு இல்லை. பார்த்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன்.

முதலில் அந்த அக்கா. பேர் போடாதே என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம். காலையிலிருந்து வாரியதில் முழங்கை வரை கறுப்பு. அலையில் அடிபட்டுத் தண்ணீரைக் குடித்துக் களிம்பாகிப்போன எண்ணெய் அது. வாளியில் விழுவது பாதி, கையில் ஒட்டுவது பாதி. கையுறைகள் தீர்ந்துவிட்டன. மண்ணெண்ணெயில் துணியை முக்கிக் கையைத் தேய்க்கப் போனேன். எஞ்சின் வேலை பார்த்தால் எப்போதும் அப்படித்தான் கழுவுவோம்.

"தம்பி, அதைக் கீழ போடு."

பாதையோரம் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிழித்த பழைய துணி, காலடியில் ஒரு பாட்டில் சமையல் எண்ணெய். என் கையை இழுத்து வைத்து எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். எண்ணெயை எடுக்க எண்ணெயா என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு இளகியது. துடைத்தார், மறுபடி ஊற்றினார், மறுபடி துடைத்தார். கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். "மண்ணெண்ணெய் தோலை வெடிக்க வெச்சிரும். வெடிச்ச தோல்ல இந்தக் கறுப்புப் பட்டா புண்ணு ஆறாது" என்றார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் கையை இன்னொருவர் கழுவிவிட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

மறுநாள் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வீடு. வேலைச் சட்டையும் பூட்சும் கயிற்றைத் தாண்டக் கூடாது. துடைத்த துணிக்குத் தனிப் பை, வாரிய மணலுக்குத் தனிப் பை. எங்கள் கரையில் எங்களுக்கே கயிறா என்று பாதிப் பேருக்குக் கோபம், எனக்கும்தான். அன்று ராத்திரி என் மகளுக்குத் தலை வாரும்போது முடியில் ஒரு திட்டு தட்டுப்பட்டது. எண்ணெயின் ஆவி பட்டால் தலை சுற்றும் என்று பிள்ளைகள் யாரையும் கடற்கரைப் பக்கமே நாங்கள் விட்டதில்லை. அவள் முடிக்கு அது என் தோளிலிருந்து போயிருக்கிறது. விடிந்ததும் முதல் ஆளாகக் கயிற்றடியில் போய்ப் பூட்சைக் கழற்றினேன்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நாலாம் நாள் கேட்டேன். "எங்க கரையிலயும் வந்துச்சு" என்றார். விரல்களை விரித்துக் காட்டினார். தோல் முழுக்கப் பழைய வெடிப்புத் தழும்பு. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றவர்களை மொத்தமாகச் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்பை நேர் குறுக்காகக் கட்டினால் ஓட்டத்தில் எண்ணெய் அடிவழியே நழுவிவிடும், சாய்த்துக் கட்டுங்கள் என்று சொல்லித் தந்தவர்கள். அதை இழுத்துப் போன படகுக்காரர்கள். ஜேசிபி இறங்கினால் கறுப்பு மணலுக்குள் புதைந்துபோகும் என்று குறுக்கே நின்றவர்கள். மண்வெட்டியால் மேல்மணலை மட்டும் சீவி எடுத்த மாணவர்கள். படகு படகாகப் படம் எடுத்துத் தேதி எழுதிய இளைஞர்கள். மருத்துவர்கள், ஓட்டுநர்கள், எல்லோருக்கும் நன்றி. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பெட்டி பெட்டியாக அனுப்பியவர்களுக்கும்தான். ஆனால் அதைக் கடலில் ஊற்றவில்லை. எண்ணெய் கண்ணில் படாமல் உடைந்து தண்ணீருக்குள் இறங்குமே தவிர எங்கேயும் போகாது, கீழே இருக்கிற மீன்குஞ்சுதான் சாகும். பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. எங்கள் பாத்திரங்கள் இன்னும் பல வருஷம் பளபளக்கும்.

2017-இல் எண்ணூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளியதை எல்லோரும் படத்தில் பார்த்தோம். "ஐயோ பாவம்" என்றதோடு சரி. கொரியாவில் தேயான் கரையில் 2007 டிசம்பரில் கப்பல் எண்ணெய் கொட்டியபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாமாக வந்து, பாறைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்திருக்கிறார்கள். முன்பு படித்தபோது அந்த எண்ணிக்கைதான் பெரிதாகப் பட்டது. இப்போது, அத்தனை பேர் கையையும் யார் கழுவிவிட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

எங்களிடம் ஒன்றுமே தயாராக இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. எண்ணெய் கரை தொடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு ராத்திரி முழுசாகக் கிடைத்தது. வலைகளையும் சின்னப் படகுகளையும் மேலே ஏற்றியிருக்கலாம், ஒதுங்கிக் கிடந்த குப்பையை வாரியிருக்கலாம். எண்ணெய் பட்டுவிட்டால் அந்தக் குப்பையும் எண்ணெய்க் கழிவுதான். நாங்கள் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இழப்பீட்டுக்குப் போனபோது, முன்னே எவ்வளவு பிடித்தீர்கள், ஏட்டைக் காட்டுங்கள் என்றார்கள். ஏடு ஏது? இந்த வாரத்திலிருந்து நான் எழுதுகிறேன். தினமும் எடை, இடம், வலை. சுத்தமாக இருக்கிற கரையையும் மாதம் ஒருமுறை படம் எடுத்து வைக்கப் போகிறோம். கொட்டகையில் ஒரு டிரம் ஒதுக்கியாயிற்று: கையுறை, துணி, பை, கயிறு, சமையல் எண்ணெய். எண்ணெய் கெட்டுப்போவதற்கு முன் மாற்றுவது என் பொறுப்பு.

அக்கா, உங்கள் ஸ்டூலை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு கால் ஆடியது, ஆணி அடித்து டிரம் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.