கருவையும் பச்சைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கிரேட் நிக்கோபார் தீவில் காட்டை அழித்துத் துறைமுகமும் விமான நிலையமும் கட்டும் திட்டம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். துறைமுகம் வேண்டுமா, விமான நிலையம் வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். "வெட்டும் மரங்களுக்கு ஈடாக வேறு இடத்தில் நட்டுவிடுவார்கள்" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோனாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தீவில் திட்டத்துக்காகக் கேட்கப்பட்டது 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காடு. ஈடாக நட முதலில் சொல்லப்பட்ட இடம் ஹரியாணா. கடலையே பார்க்காத மாநிலம்!

நட்ட பச்சை என்ன செய்யும் என்று ராமநாதபுரத்துக்காரர்களிடம் கேளுங்கள். சீமைக் கருவேலம், எங்கள் பேச்சில் கருவை, தானாக இங்கே வந்துவிடவில்லை. வறண்ட பூமிக்கு விறகாகும், வேலியாகும் என்று அரசே பரப்பியது. அப்புறம் ஆடுகள் பார்த்துக்கொண்டன. காயைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம், கண்மாய்க்குள்ளும் ஊருணிக்குள்ளும், முளைத்தது. எங்கள் கண்மாய்க்கரையில் முன்பு உடைமரங்கள் நின்றன. இப்போது கருவை மட்டும்தான். மழை பெய்த மறுவாரம் அதன் அடியில் குனிந்து புல் தேடினால், சருகும் சைக்கிள் டியூபைப் பதம் பார்க்கும் முள்ளும்தான் கைக்கு வரும். மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் இதைக் காடு என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. வானத்திலிருந்து படம் எடுத்தால் இதுவும் பச்சைதான். எண்ணினால் லட்சக்கணக்கில் தேறும்.

நிக்கோபாரில் மெகபோடு என்றொரு பறவை இருக்கிறது. அது அடைகாக்க உட்காராது. கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் கூட்டி மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைத்துவிடும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரியும். அதற்கு அந்தச் சருகு வேண்டும், அந்த ஈரம் வேண்டும், அந்தக் கரையும் வேண்டும். அதே தீவின் கலாத்தியா விரிகுடா மணலில் ஏழுவரி ஆமை என்ற கடலாமை முட்டையிட ஏறி வருகிறது. ஷோம்பென் பழங்குடி மக்கள் அந்தக் காட்டுக்குள்தான் வாழ்கிறார்கள். ஹரியாணாவில் எந்தக் குழி தோண்டி இவற்றை நடுவது?

கணக்கு என்றதும் எங்கள் கடல் நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை ஆண்டுக்கணக்கில் பெயர்த்தெடுத்தது முக்கியக் காரணம் என்கிறார்கள். பவளங்களுக்கு 2001இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஏட்டில் 21, கண்ணுக்கு 19.

அடுத்த முறை 'ஈடு' என்று எழுதும்போது எந்த மரம், எந்த மண், ஐந்தாவது வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.