மாவுக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்து கைகொடுத்த எல்லோருக்கும் தனித்தனியாக போன் போட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். நடந்தது உங்களுக்கே தெரியும். புதுச்சேரியில் நம் வில்லியனூர் பக்கம் அன்றைக்கு யார் வீட்டுக்குள்தான் தண்ணீர் வரவில்லை!

தண்ணீர் இறைத்த பசங்கள், நான் பானை வனைகிற சக்கரத்தின் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து மறுபடி ஓடவிட்ட எலக்ட்ரீஷியன் அண்ணன், நனைந்த சவுக்குக் கட்டையை மாற்றித் தந்த விறகுக்கடைக்காரர், முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத வாடிக்கையாளர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒரே வரியில் முடித்துவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூளைக்குக் காத்திருந்த பச்சைப் பாத்திரங்கள் எல்லாம் கரைந்து தரையில் சேறாகக் கிடந்தன. பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 2000 வருஷம் புதைந்திருந்த பானை ஓடு இன்றும் ஓடாகவே கிடைக்கிறது, ஆனால் சுடாத கோப்பை ஒரு ராத்திரி தண்ணீரைத் தாங்காது. வந்தவர்கள் சேற்றை வாரித் தெருவில் கொட்டத் தொடங்கினார்கள். தப்பில்லை, எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தோம். தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அக்கா மட்டும் மண்வெட்டியைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, இது உன் மண்ணா, ஆத்து மண்ணா?"

மேலே இருக்கிற பழுப்பு வண்டல் சங்கராபரணியுடையது, அடியில் வெளுப்பாக இருப்பது என்னுடையது என்றேன். அவ்வளவுதான். தன் மாவு வாளிகளைத் தூக்கிவந்தார். கொட்டாங்குச்சியால் வண்டலை வழித்துத் தள்ளி, அடிமண்ணை அள்ளிக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினார். கண்ணாடிச் சில்லு, இலை, சுண்ணாம்புக் காரை எல்லாம் துணியில் நின்றன. காரை கடுகளவு தங்கினாலும் முதல் சூட்டுக்குப் பிறகு ஈரம் குடித்து உப்பி, பாத்திரத்தைப் பெயர்த்துவிடும். அக்காவுக்கு அது தெரியாது, மாவில் கல் இருக்கக்கூடாது என்று தெரியும். அவர் கிரைண்டரும் போய்விட்டிருந்தது. கேட்டால், "கரன்ட் இல்ல, சும்மாதானே இருக்கேன்" என்றார்.

அப்பா பொங்கல் பானையும் அகலும் செய்தவர். நான் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் மண்பாண்டம், பக்கம் போனேன். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு இந்த ஊரில் பரவிய வேலை அது. கிட்டத்தட்ட 1300 டிகிரி சூடு கேட்கும். "கண்காட்சிப் பானையில யார் சோறாக்குவா?" என்பார் அப்பா. அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. கைக்கோ வாய்க்கோ உதவாத பொருளைச் செய்ய இன்றும் எனக்கு மனசு வருவதில்லை. அப்பாவிடம் இல்லாத பிடிவாதம் ஒன்றும் எனக்கு உண்டு. மண் வெள்ளையாக, கலப்பில்லாமல் இருக்க வேண்டும். அக்கா வடித்த மண்ணில் என்னதான் இருந்தாலும் கொஞ்சம் ஆற்று வண்டல் கலந்திருக்கிறது. இரும்பு ஏறியிருக்கும், சுட்டால் பழுப்படிக்கும். பழைய சூட்டைத் தாங்குமா என்று சின்ன வில்லைகள் செய்து பார்க்க வேண்டும். சரி, பார்த்துக்கொள்ளலாம். இது தீரும்வரை புது மண் வாங்கப்போவதில்லை.

சூளைச் செங்கல் இன்னும் ஈரம். அவசரப்பட்டால் வெடித்துவிடும், அதனால் பொங்கல் கழித்துத்தான் நெருப்பு. முதல் சூளையில் டீ கோப்பைகள், உதவிய வீட்டுக்கு ஒன்று. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா மட்டும் கோப்பை வேண்டாம், மூடி போட்ட ஜாடிதான் வேண்டும், கை நுழைகிற மாதிரி வாய் அகலமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அளவு எடுத்தாயிற்று.