முத்திரை இல்லாத கோடாரிகள்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காங்கேயத்திலிருந்தும் கோபியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் காலை பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற சித்திரை முதல் இந்தப் பங்குனி முடிய, பழைய வேளாண் கருவிகளைச் சேகரிக்கும் நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

அறிக்கைக்கு முன் ஓர் அஞ்சலி. வெள்ளகோவில் பக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலை ஊதிய கொல்லர் பெரியவர் மார்கழியில் காலமானார். அவர் நம் உறுப்பினர் அல்லர். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் இந்த ஆண்டு நாம் கற்ற உருப்படியான பாடம் முழுவதும் அவர் பட்டறைத் திண்ணையில் கற்றது. அவர் சொன்னதில் நான் எழுதி வைத்திருப்பது 6 பக்கம். இன்னும் நான்கு முறையாவது போயிருக்கலாம் என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

12 மாதங்களில் 10 கூட்டங்கள் நடந்தன. ஐப்பசியில் மழையாலும் தையில் பட்டிப் பொங்கல் வேலைகளாலும் கூட முடியவில்லை. சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, ஏர், நீர் இறைக்கும் கவலை, செக்கு என்று எல்லாவற்றையும் தொடாமல் கோடாரி ஒன்றையே எடுத்துக்கொண்டோம். பதிவேட்டில் இன்று 64 கோடாரிகள் உள்ளன. நம் கணக்கில் கோடாரி என்றால் இரும்பு மட்டும். காம்பு உடையும், மாறும். அதை வைத்து வயது சொல்ல முடியாது. இந்த 64-இல் தயாரித்தவரின் முத்திரை உள்ளவை 17. மற்ற 47-இலும் ஓர் எழுத்துகூட இல்லை. ஆவணி வரையில் நாம் அனைவரும் அந்த 17-ஐச் சுற்றியே நின்றோம்.

முத்திரை உள்ளவற்றில் பெரும்பாலானவை வால்பாறை, நீலகிரித் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவை. எல்வெல் என்றும் பிரேட்ஸ் என்றும் பொறித்தவையே அதிகம். எல்வெல் நிறுவனத்தார் 1817 முதல் இங்கிலாந்தின் வெட்னெஸ்பரியில் கருவிகள் அடித்தவர்கள். பிரேட்ஸ் என்பது ஓல்ட்பரியில் வில்லியம் ஹன்ட் அண்ட் சன்ஸ் நடத்திய உருக்காலையின் பெயர். பெயர் கிடைத்தால் வயதும் கிடைத்துவிடும் என்று புதிய உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். அப்படி அன்று, எல்வெல் என்ற பெயரை நூறாண்டுக்கு மேல் இரும்பில் குத்திக்கொண்டே இருந்தார்கள். அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து. பக்கத்தில் ஆண்டும் குத்தியிருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம். அப்படிப்பட்டது நம்மிடம் ஒன்றே ஒன்று உள்ளது. அதில் இருக்கும் ஆண்டு 1943.

துருவில் புதைந்த எழுத்தைப் படிக்க கோபி அக்கா காட்டிய வழியை இங்கே பதிவு செய்கிறேன். கட்டைவிரலால் திருநீற்றை எடுத்து முத்திரை இருக்கும் இடத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு, உலர்ந்த துணியால் மேலாக ஒரே ஒரு முறை வழித்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. பிறகு கோடாரியைச் சாய்வெயிலில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஆறு எழுத்தில் முதல் எழுத்தும் கடைசி இரண்டும் தெளிந்து வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தால் அந்த மூன்றும் போயிருக்கும்.

உக்கடத்தில் பழைய இரும்பு எடைக்கு வாங்கிய ஒரு கோடாரியின் உருவம் அமெரிக்க வகை. எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. அமெரிக்கக் கோடாரிகளுக்குப் பெரும்பாலும் இடப் பெயர்களையே வகைப் பெயராக வைத்திருக்கிறார்கள். காம்புத் துளையின் அருகே இரண்டு காது போலக் கீழே கூராக நீண்டிருந்தால் ஜெர்சி. வெட்டும் விளிம்பான வாய் அகன்று விரிந்திருந்தால் கனெக்டிகட். மண்டை என்று நாம் சொல்லும் பின்புறத்தின் மூலைகள் உருண்டிருந்தால் மிச்சிகன். சதுரமாக நின்றால் டேட்டன். நம்முடையதில் காது இல்லை. ஆனால் யாரோ அதைச் சம்மட்டியாகப் பயன்படுத்தி மண்டையைக் காளான் போல அடித்துப் பரப்பிவிட்டார்கள். மூலை உருண்டது பட்டறையிலா, அடிபட்டா என்று ஒரு கூட்டம் முழுவதும் பேசினோம். வாயின் வடிவமும் உதவவில்லை. தீட்டித் தீட்டி மேல்முனை தேய்ந்திருந்தது. பதிவேட்டில் "மிச்சிகன் அல்லது டேட்டன்" என்றே எழுதியிருக்கிறேன். ஒன்றை அடித்துவிடும்படி சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நான் இணங்கவில்லை.

இனி அந்த 47. இவற்றை "நாட்டுக் கோடாரி" என்று ஒரே வரியில் எழுதி மூடிவிட இருந்தோம். ஆவணியில் அவற்றில் பன்னிரண்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வெள்ளகோவில் பெரியவரிடம் போனோம். அவர் கோடாரியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. துளைக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினார். "கண்ணு, நீயும் விட்டுப் பார்" என்றார். உள்ளே நகத்தில் இடறும் மெல்லிய தழும்பு ஒன்று இருந்தது. பட்டை இரும்பை நடுவில் மடக்கி, மடிப்பில் காம்புக்கு இடம் விட்டு, இரண்டு வாலையும் சேர்த்து ஒட்டியதன் அடையாளம் அது. அந்த இரண்டு வாலுக்கும் நடுவில் ஓர் உருக்குத் துண்டைச் செருகி, வெண்காரம் தூவி, வெள்ளையாகக் காய்ச்சி அடித்தால்தான் வாய் கூர் தாங்கும். உருக்கு வைத்தல் என்று அதற்குப் பெயர். தேய்ந்தால் பழைய உருக்கை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். ஆகவே உடல் தாத்தா காலத்தது, வாய் பேரன் காலத்தது என்பதும் உண்டு.

பிறகு அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கோடாரியின் வாயிலிருந்து மேல்நோக்கி நன்றாகத் தேய்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அதை மென்று முடிப்பதற்குள் இரும்பில் ஒரு கோடு எழுந்தது. கோட்டுக்குக் கீழே உருக்கு கறுத்திருந்தது. மேலே இரும்பு வெளுத்து, பிளந்த விறகின் நார் போல வரிவரியாக ஓடியது. அந்த வரி பழைய தேனிரும்பின், அதாவது கரி மிகக் குறைந்த மெதுவான இரும்பின், அடையாளம். பன்னிரண்டில் ஏழில் கோடு வந்தது. மற்ற ஐந்தில் எங்கே தேய்த்தாலும் ஒரே நிறம். அவை லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில் பட்டையில், அடித்தவை. முழுவதும் உருக்கு, ஒட்டு வேலை தேவையில்லை. லாரிகள் வந்த பிறகுதான் அந்தப் பட்டை கொல்லர் கைக்கு வந்திருக்க முடியும். முத்திரை இல்லாத கோடாரிக்கும் முன்பின் சொல்ல நமக்கு இப்படி ஒரு பிடி கிடைத்தது. 47-ஐயும் இப்போது சோதித்துவிட்டோம்: கோடு உள்ளவை 21, இல்லாதவை 26.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் கையில் எடுத்த பெரியவர் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. "இது எங்கள் ஐயன் அடித்தது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். துளையின் கீழ் உதட்டைக் காட்டினார். மற்றவற்றைவிட ஒரு நூல் தடிப்பு. காம்பு உரசித் தேயும் இடம் அதுதான் என்று அவருடைய ஐயன் அங்கே மட்டும் இரும்பைக் குறைக்க மாட்டாராம். அந்தத் தடிப்பை வைத்து நம் பதிவேட்டிலிருந்து இன்னும் மூன்றைப் பிறகு கண்டுபிடித்தோம். நான்கையும் இன்று மேசையில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். முத்திரை என்று நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்பது என் துணிபு.

அடுத்துச் சொல்ல வேண்டியது ஒரு தவறு. பொறுப்பு என்னுடையது. கோடு மிகத் தெளிவாகத் தெரிந்த ஒரு கோடாரியைக் கண்காட்சிக்காகத் துரு எடுக்க ஒரு பட்டறையில் கொடுத்தேன். சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கித் தந்தார்கள். வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது. அந்தச் சூட்டில் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், இறங்கிவிட்டது. அரம் வைத்துப் பார்த்தேன். முன்பு வழுக்கிய இடத்தில் இப்போது கடிக்கிறது. பெரியவர் காலமாவதற்கு முன் அதை அவரிடம் கொண்டுபோகும் துணிவு எனக்கு வரவில்லை.

இதன்பின் கார்த்திகைக் கூட்டத்தில் விதி செய்தோம். எந்தக் கோடாரியையும் சாணையில் பிடிக்கக் கூடாது. துடைப்பதற்கு முன்பே தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைந்து, எடையும் துளை அளவும் குறிக்க வேண்டும். கனத்த துருவுக்குச் சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜர் முறை போதும்: கோடாரிக்கு மைனஸ், வேண்டாத இரும்புத் துண்டுக்கு பிளஸ், காற்றோட்டமான இடம். பிளஸ் பக்கம் எவர்சில்வர் கரண்டியைப் போட வேண்டாம்; அதிலுள்ள குரோமியம் கரைந்து நீர் நஞ்சாகும். முடிந்ததும் உலர்த்தி விளக்கெண்ணெய் பூசினால் போதும்.

மாசியில் 14 பேர் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப் சென்றுவந்தோம். மேலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரியவிட்டதால் வந்த பெயர் அது. வெட்டிய தேக்கின் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்படி விட்டுக் காட்டை மீட்ட வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட் 1933-இல் மறைந்தார். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது.

கொடுமணல் பற்றியும் ஒரு சொல். நொய்யல் கரையில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுவே என்பர். அதற்காக, சந்தையில் வாங்கிய கோடாரிக்கு ஈராயிரம் ஆண்டு என்று சீட்டு எழுதி ஒட்டுவதை உறுப்பினர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். லாரிப் பட்டைக் கோடாரிக்கும் அடித்த கொல்லர் ஒருவர் உண்டு. அவர் பெயரைத் தேடி எழுதுவது நம் கடமை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட வேண்டுகிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். புதிதாகக் கோடாரி வாங்க ஒதுக்கும் தொகையை இந்த ஓராண்டு நிறுத்திவைத்து, அதைப் பட்டறைகளுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் குறிப்பேட்டுக்கும் தர வேண்டும். காங்கேயம், தாராபுரம், அந்தியூர் பக்கம் உலை வைத்திருந்த எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் யார் யார் என்ற பட்டியலில் இப்போது 9 பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாரேனும் இருந்தால் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லுங்கள். முதல் பயணம் சித்திரை இரண்டாம் ஞாயிறு. வருகிறவர்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் பென்சிலும் கொண்டுவர வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்