ஆச்சியின் சுருக்குப்பை

தேவிகுளம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ "லீடர்ஷிப் ஸ்டடீஸ் எடுக்கப் போறேன்ப்பா" என்றதும் நான் சிரித்தது தப்புதான். நீ சட்டென்று போனை வைத்துவிட்டாய். அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் பேசினால் மறுபடி ஏதாவது உளறுவேன், அதனால் எழுதுகிறேன்.

தலைமைப்பண்பு என்றால் எனக்குத் தெரிந்தது எங்களுக்கு நடத்துகிற இரண்டு நாள் பயிற்சிதான். கோட் போட்ட ஒருவர் வருவார். பேப்பர் கப்பை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொல்வார். ரிட்டயர் ஆக ஆறு மாதமே இருக்கிற கணக்கு வாத்தியார் கண்ணைக் கட்டிக்கொண்டு, பி.டி. சார் தோளைப் பிடித்தபடி ஹாலைச் சுற்றி வருவார். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட். இதற்குப் போய் அமெரிக்காவில் ரிச்மண்ட் யுனிவர்சிட்டி வரைக்கும் போய்ப் படிக்கணுமா என்று தோன்றிவிட்டது. கெமிஸ்ட்ரி என்று சொல்லித்தானே விமானம் ஏறினாய்?

நீ அனுப்பிய பாட விவரத்தை அப்புறம் நிதானமாகப் படித்தேன். பேப்பர் கப் எதுவும் இல்லை. சரித்திரம், தத்துவம், உளவியல், பொருளாதாரம், இலக்கியம் என்று எல்லாம் இருக்கிறது. ஒருவர் சொன்னால் மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியைச் சுற்றித்தான் அத்தனையும். ஜெப்சன் என்கிற தொழிலதிபர் 1987இல் 2 கோடி டாலர் கொடுத்து, 1992இல் ஆரம்பித்த பள்ளி. இளங்கலைப் படிப்பில் இதற்கென்றே தனிப் பள்ளி அமெரிக்காவிலேயே அதுதான் முதல் என்பதும் தெரிந்துகொண்டேன். தமிழ் வாத்தியார் அடுத்து ஒரு குறள் சொல்வார் என்று நினைப்பாய். சொல்லப் போவதில்லை.

அதில் மில்கிராம் சோதனையைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆராய்ச்சிக்கூடக் கோட் போட்டவர் சொன்னார் என்பதற்காக, பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடுப்பதாக நம்பிக்கொண்டு, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை பொத்தானை அழுத்தினார்களாமே! நான் எந்தக் கட்சி என்று யோசித்தேன். 26 பேர் கட்சிதான். 2015 செப்டம்பரில் அது எனக்கே தெரிந்துபோனது.

உனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் லீவு என்கிற சந்தோஷம்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் முந்தின வருஷம் 19 சதவீதம் கொடுத்த போனஸை அந்த வருஷம் 10 ஆக்கினார்கள். தினக்கூலி 232 ரூபாய். ஆச்சி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டருக்குப் போகாமல் மூணாறு டவுனுக்குக் கிளம்பினாள். நான் லயத்து வீட்டு வாசலில் நின்று மறித்தேன். "வேலை போயிரும்மா, வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, யூனியன்காரங்க பேசி முடிக்கட்டும்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். மகன் வாத்தியாரானதில் அவளுக்கு எவ்வளவு பெருமையோ, அவன் பேச்சைக் கேட்பதில் அவ்வளவு அலட்சியம்.

மூன்றாம் நாள் சோறு கொண்டுபோனேன். ரோடு முழுக்கப் பெம்பிளைகள். பெண்களின் ஒற்றுமை என்று அவர்கள் வைத்துக்கொண்ட 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரே பாதி நம்முடையது, பாதி மலையாளம். யூனியன் ஆண்கள் பக்கத்தில் வந்தாலே கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஆனால் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர், மார்க்சிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது இடம் விட்டார்கள். அவருக்கு அப்போது 91 வயது. அவரும் கட்சிக்காரர்தானே? 2007இல் மூணாறு ஆக்கிரமிப்புகளை இடிக்க ஆள் அனுப்பியவர் என்ற ஞாபகமா, வயதா, வந்து கூடவே உட்கார்ந்ததா? எனக்கு இன்னும் விடை தெரியாது. உன் வாத்தியாரிடம் கேள்.

படங்கை விரித்து ஆச்சி உட்கார்ந்திருந்த இடத்தில் டிவிக்காரர் யாரும் இல்லை. மடியில் சுருக்குப்பை. வெற்றிலை எடுக்கிறாள் என்று நினைத்தேன். கூழாங்கல். தோட்டத்தில் நம் டிவிஷனிலிருந்து இறங்கி வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு கல். சாயங்காலம் கைக்குழந்தைக்காரிகளை முதலில் ஜீப்பில் ஏற்றுவாள், ஏற ஏற ஒரு கல் இடதுபக்கம் போகும். கடைசிக் கல் போன பிறகுதான் அவள் ஏறுவாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அன்று எண்ணிப் பார்த்தேன், 43.

ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கூலி 301 ஆனது. அதன் பிறகுதான் எனக்குப் புரியாத பகுதி. முன்னால் நின்றவர்களுக்குள் பிணக்கு வந்தது, ஆளுக்கொரு பக்கம் போனார்கள். விரட்டியடித்த யூனியனுக்கே திரும்பப் போனவர்களும் உண்டு. தலைமையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று நீ சொன்ன பர்ன்ஸ் 1978இலேயே இரண்டாகப் பிரித்திருக்கிறாரே, கொடுக்கல் வாங்கல் தலைமை ஒன்று, கூட வருகிறவர்களையும் தன்னையும் சேர்த்தே மாற்றிவிடுகிற தலைமை இன்னொன்று என்று. போனஸ் கைக்கு வந்ததோடு கொடுக்கல் வாங்கல் முடிந்ததா? இல்லை, ஆட்கள் மாறியது மாறியதுதானா? டிவி, பத்திரிகை எல்லாம் முன்னால் நின்ற சிலரைத்தான் பேட்டி எடுத்தன. அந்த 43 பேரை யாரும் கேட்கவில்லை. மகன் நானே கேட்கவில்லை.

நீ ஏதாவது ஒன்றை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியாகணும் என்றாயே, இதை எழுது பாப்பா. வேலை கிடைக்குமா என்று நான் இன்னும் கவலைப்படத்தான் செய்கிறேன், அதை மறைக்கவில்லை. கெமிஸ்ட்ரியில் இரண்டு பேப்பரையாவது விட்டுவிடாதே. மாமா கேட்டால், மேனேஜ்மென்ட் மாதிரி ஒன்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ஆச்சியிடம், அந்தக் கல்லெல்லாம் எங்கே என்று கேட்டேன். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியைக் காட்டினாள். பை அங்கேதான் தொங்குகிறது. கீழே கொட்டினாள், 17 தான் இருந்தது. மற்றதெல்லாம் செத்தவர்களா, ஊரைப் பார்த்துப் போனவர்களா என்றேன். "அதுல பாதி செத்தது. மீதிப் பேரு அடுத்த மாசம் திரும்ப உக்காந்தப்ப வரல" என்றாள். வராதவர்களின் பேரையும், வராததற்கு அவரவர் சொன்ன காரணத்தையும் வரிசையாகச் சொன்னாள். ஒருத்தி காரணமே சொல்லவில்லையாம். அவளை மட்டும் ஆச்சி இன்னும் மன்னிக்கவில்லை.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது, கரண்ட் போனதால் நிறுத்தினோம். போட்டோ எடுத்து இன்று ராத்திரி அனுப்புகிறேன், அங்கே விடிந்திருக்கும்.

அப்பா