கச்சான் காலம்: குவாட் பைக் எயார் ஃபில்டர் கவனம்

குவாட் பைக் (நாலு சில்லு பைக்) வைத்திருக்கிற அண்ணன்மார், தம்பிமாருக்கு,

கச்சான் காற்று தொடங்கினால் பொத்துவில், பாசிக்குடாப் பக்கம் மணல் பறக்கும். கடற்கரையில் ஓடிவந்த ஒவ்வொரு முறையும் எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஸ்பொஞ் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெற்றோல் வேண்டவே வேண்டாம்: பசை கரைந்து ஒட்டு விடும், நெருப்புப் பயம் வேறு. முறுக்கினால் கிழியும், அமுக்கித்தான் பிழிய வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே, ஸ்பொஞ்சுக்கென்று விற்கிற ஃபில்டர் ஒயிலைப் போடுங்கள். நிறம் எங்கும் ஒரே மாதிரி வரும்வரை அமுக்கி, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். ஒயில் கூடினால் எஞ்சின் மூச்சுத் திணறும். சாதாரண எஞ்சின் ஒயில் அடியில் வடிந்து மேல்பக்கம் வெறுமையாகிவிடும்.

ஃபில்டர் பெட்டியோடு பொருந்துகிற விளிம்புக்கு மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கள். ஸ்பொஞ் சுத்தமாக இருந்தும் மணல் போகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இந்த விளிம்புதான். காபரேட்டருக்கு (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) போகும் குழாயின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள். நறநற என்றால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து நீலப்புகை வந்த பிறகு ஃபில்டர் மாற்றிப் பிரயோசனமில்லை. கறுப்புப் புகையும் கறுத்த பிளக்கும் என்றால் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

பேப்பர் ஃபில்டரைக் கழுவவும் வேண்டாம், ஒயிலும் வேண்டாம், கறுத்தால் மாற்றுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு அடுக்கு ஸ்பொஞ் எடுங்கள், வெளி அடுக்கில் பெரிய துளை, உள் அடுக்கில் நுண்ணிய துளை. சின்னச் சீன பைக்குகளுக்குக் காபரேட்டர் கழுத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 38 மில்லிமீட்டர் கழுத்துக்கு 42 மில்லிமீட்டர் ஃபில்டரை வாங்கிக் கிளிப்பால் இறுக்குவது வேலைக்காகாது.