பேர்லின் சைக்கிள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பதிவேட்டின்படி சங்கத்தில் நாங்கள் 41 பேர். இன்று மண்டபத்தில் இருப்பவர்கள் 16 பேர். யாப்பின்படி 14 பேர் வந்தால் போதும் என்பதால் கூட்டம் செல்லும்.

வழக்கமான நிகழ்வுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 6, பழைய பேர்லின் மதில் ஓரப் பாதையில் தொடக்க ஓட்டம், 12 பேர். மே மாதம் ஷ்பிரேவால்ட், 9 பேர், நாள் முழுக்க மழை. ஜூன் ஓட்டம் காட்டுத்தீ அபாயநிலை 5 என்று அறிவித்ததால் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் ஓடர் ஆற்றங்கரை, 7 பேர். காட்டுப்பன்றிகளால் பன்றிக்காய்ச்சல் பரவாமல் இருக்கப் போட்ட வேலிகளின் கதவுகளைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விட்டது. செப்டெம்பரில் திருத்தவேலைப் பயிற்சி நடந்தது. ஆண்டிறுதி ஒன்றுகூடலும் சாப்பாடும் நன்றாக நடந்தன. அதற்கு 38 பேர் வந்திருந்தார்கள்.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட காட்டுப்பாதை.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "தம்பி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வர எனக்கு ஆசைதான். ஆனால் கார் வராத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். கூட்டக் குறிப்பில் அது ஒரு வரி. எனக்கு அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை 11 தடவை, பெரும்பாலும் தனியாகப் போய் வழி பார்த்தேன். பலன், பேர்லினுக்கு வடகிழக்கே உள்ள பெர்னாவ் ரயில் நிலையத்திலிருந்து யோக்கிம்ஸ்தால் வரை சுமார் 60 கிலோமீட்டர். பெர்னாவ், பீசென்தால் போன்ற ஊர்களுக்குள் சிறிது தூரம் வீதியில் போகத்தான் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் பாலம் உண்டு. மிச்சமெல்லாம் காட்டுவழியும் வாய்க்கால் கரையும்தான். பேர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பேர்க் மாநிலத்தின் வனச் சட்டப்படி காட்டுவழிகளில் சைக்கிள் ஓடலாம், காட்டிலாகா வேலைக்கும் அனுமதி உள்ளவர்களுக்கும் தவிர மோட்டார் வண்டி போகக் கூடாது. அதனால்தான் காட்டு வாசலில் தடைக்கம்பம் போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் மிதித்தால், காதில் விழுவது உங்கள் சொந்த ரயர் சத்தம் மட்டும்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றி விளக்கம் வேண்டாம். தட்டை நிலம், காடு, குளம், கிறவல் ரோடு. இங்கே கடைக்காரர் 'கிறவல் பைக்' என்று புதுச் சரக்குப் போல விற்கும் சொல்லை, நாங்கள் பள்ளிக்கூடம் போன பாதைக்கே வைத்திருந்தோம். நிறம்தான் வேறு. அங்கே சிவப்பு, இங்கே வெளிர் மணல். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் உருகி விட்டுப்போன மணல் அது. பழைய காலத்தில் இந்தப் பிரதேசத்தைப் பேரரசின் மணற்பெட்டி என்றே சொல்லியிருக்கிறார்கள். அதே பனிதான் குளங்களையும் விட்டுப்போனது. பிராண்டன்பேர்க்கில் மட்டும் 3,000க்கு மேல். நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு, அதிலும் பெரும்பகுதி வரிசையாக நட்ட பைன் மரம். வழியில் முதலில் வருவது லீப்னிட்ஸ் குளம். அதைச் சுற்றிப் பைன் இல்லை, பீச் மரங்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. பிறகு பீசென்தால், அங்கிருந்து பீனோ வாய்க்கால். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதன்முதல் வெட்டிய வாய்க்கால் அது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கரைவழிதான் இன்று சைக்கிள் பாதை. அப்புறம் வெர்பெல்லின் வாய்க்காலைப் பிடித்தால் அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமான வெர்பெல்லின் குளத்தில் கொண்டுபோய் விடும். கடைசியில் யோக்கிம்ஸ்தாலில், ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வேட்டைக்கு வந்து இறங்குவதற்காக 1898இல் கட்டிய ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம். பேர்லின்–உசெடோம் நெடுந்தூர சைக்கிள் பாதையின் பலகைகள் பல இடங்களில் கூடவே வரும். ஆனால் அது வீதியோரம் போகும் இடங்களில் எங்கள் வழி காட்டுக்குள் திரும்பிவிடும். அந்தத் திருப்பங்களைக் கண்டுபிடிக்கத்தான் 11 தடவை தேவைப்பட்டது.

மணலைப் பற்றி எல்லோரும் கவனிக்க வேண்டும். மழை பெய்து அடுத்த நாள் போனால் சிமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும். மூன்று கிழமை வெயில் எறித்தால் சீனி மாதிரி உதிரும், முன்சில்லு புதைந்துவிடும். ஆகவே ரயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றை இறுக்கி அடிக்காதீர்கள், ஆள் பாரத்தைப் பொறுத்து 2 முதல் 3 பார் போதும். புது சைக்கிள் வாங்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளுக்கு அகல ரயர் மாட்டினாலே சரி.

முதல் ஓட்டம் ஜூலை 6. வட்ஸ்அப் குழுவில் 22 பேர் வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். காலை 9 மணிக்கு பெர்னாவில் நின்றவர்கள் 13 பேர். வராத ஒன்பது பேரில் ஒருவர்கூடக் காரணம் எழுதவில்லை. அதில் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் காவலாக வருவதாகவும், இன்னொருவர் முதலுதவிப் பையைக் கொண்டுவருவதாகவும் பொறுப்பு எடுத்திருந்தார்கள். நான் முன்னால் போனால் பின்னால் பார்க்க ஆள் இல்லை, பின்னால் நின்றால் வழி தெரிந்தவர் முன்னால் இல்லை.

பீசென்தால் தாண்டி ஒரு மணல் இறக்கத்தில் உறுப்பினர் ஒருவரின் 14 வயது மகன் விழுந்தான். மெல்லிய ரயர் போட்ட, தகப்பனின் சைக்கிள் அது. எழும்பி இருந்தான், பேசினான், ஆனால் இடது கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டிருந்தான். முகம் வெளிறிவிட்டது. 112 அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி மரம், என்ன சொல்வது? அப்போதுதான் வழி பார்த்த நாட்களில் கண்ட பச்சைப் பலகை ஞாபகம் வந்தது. வெள்ளைச் சிலுவையும் ஓர் இலக்கமும் போட்டிருக்கும். அம்புலன்ஸ் வந்து சேரக்கூடிய இடங்களுக்கு அப்படி இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். முந்நூறு மீட்டர் திரும்பி ஓடிப்போய் அதை வாசித்துச் சொன்னேன். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்புலன்ஸ் நேராக அந்தப் பலகைக்கே வந்தது. காத்திருந்த நேரம் அவனுடைய தாய் தன் சால்வையால் கையைக் கட்டித் தூக்கினார். முதலுதவிப் பை இருந்திருந்தால் அதில் முக்கோணத் துணி இருந்திருக்கும். காறை எலும்பில் வெடிப்பு. இப்போது பூரண சுகம். இன்று பின்வரிசையில்தான் இருக்கிறான், அவன் வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

வராதவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நான் எண்ணவில்லை. எங்கள் மூத்த உறுப்பினர்கள் 1980களில் கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, கிழக்கு பேர்லின் ஊடாக மேற்குக்கு வந்தவர்கள். அகதி விண்ணப்பம் முடியும்வரை ஒதுக்கிய எல்லையைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம், சுற்றிவர மதில் இன்னொரு பக்கம். மதில் விழுந்த பிறகாவது வெளியே போகலாம் என்றிருந்தபோது, 1990இல் எபர்ஸ்வால்டேயில் அங்கோலாவைச் சேர்ந்த அமடேயு அன்டோனியோவை இனவெறிக் கும்பல் அடித்துக் கொன்றது. எங்கள் ரயில் மாறுகிற நிலையம் அதே ஊர்தான். "அந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்" என்று ஓர் அண்ணை சொன்னால் நான் எப்படி மறுத்துப் பேசுவேன்? ஆனால் 11 தடவை, பெரும்பாலும் தனியாக, போய் வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரு கெட்ட அனுபவமும் நேரவில்லை. வாய்க்கால் கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் செயின் அறுந்த எனக்குத் தன் குறட்டைத் தந்தார். இருபது பேராகப் போனால் பயம் இன்னும் குறையும். அதற்காகவும்தான் ஆட்களைக் கேட்கிறேன்.

சந்தாவுக்கு வருகிறேன். வருடத்துக்கு 30 யூரோ. மார்ச் 31க்கு முன் கட்ட வேண்டியது. டிசம்பர் முடியும்போது 17 பேர் பாக்கி. அதில் ஆறு பேருக்கு முந்திய வருடமும் பாக்கி. மூன்று தடவை நினைவூட்டல் அனுப்பினேன், நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. பெயர்களை வாசிக்கும்படி நிர்வாக சபையில் ஒருவர் சொன்னார். நான் வாசிக்கவில்லை. காசுக் கஷ்டம் என்றால் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள், வேறு எவருக்கும் தெரிய வராது. கஷ்டம் இல்லை என்றால் கட்டிவிடுங்கள். மண்டப வாடகையும் காப்புறுதியும் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். முக்கிய செலவுகள் மண்டபம், காப்புறுதி, இரண்டு காற்றுப் பம்ப், ரியூப்கள், ஜூலைக்குப் பிறகு வாங்கிய இரண்டாவது முதலுதவிப் பை. கையிருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழு விபரம் பொருளாளரின் கோப்பில் உண்டு, பார்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். வழி பார்க்கப் போன என் ரயில் செலவை நான் சங்கத்திடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர் ஆகியோருக்கு நன்றி. மே மழையில் எல்லோருக்கும் புட்டும் சம்பலும் கட்டிவந்த குடும்பத்துக்கும், பின்முற்றத்தைப் பயிற்சிக்குத் தந்தவருக்கும், ஜூலையில் அந்தப் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வரை போன அக்காவுக்கும் விசேட நன்றி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தவறாமல் வந்த நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களால்தான் இந்த அறிக்கையில் எழுத ஏதாவது இருக்கிறது.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் பேசுகிறேன். இது எனக்கு ஐந்தாவது வருடம். வேலைநேரம் மாறுகிறது, முழங்காலும் முன்போல் இல்லை. பாதையின் வரைபடக் கோப்பைக் குழுவில் போட்டுவிட்டேன். ஆனால் எந்தத் திருப்பத்தில் மணல் ஆழம், எங்கே தண்ணீர் நிரப்பலாம், எந்த மரங்களில் கோடையில் மயிர்ப்புழு இருக்கிறது என்பதெல்லாம் கோப்பில் இல்லை. என்னோடு இரண்டு தடவை வந்தால் போதும், யாரும் படித்துக்கொள்ளலாம். முன்னால் போக ஒருவர், பின்னால் வர ஒருவர், இந்த இரண்டு பேர் கிடைத்தால் நான் இன்னொரு வருடம் செயலாளராக இருக்கத் தயார். கிடைக்காவிட்டால் அதை நீங்களே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

முதல் ஓட்டம் ஏப்ரல் 12, ஞாயிறு, காலை 9 மணி, பெர்னாவ் நிலையம். டொய்ச்லாண்ட் ரிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு சைக்கிளுக்குச் செல்லாது, சைக்கிளுக்குத் தனி ரிக்கெட் எடுத்து வாருங்கள். யோக்கிம்ஸ்தாலில் இருந்து திரும்பும் ரயில் சின்னது, எல்லா சைக்கிள்களும் ஒரே தடவையில் ஏறாது. ஆகவே இரண்டு பிரிவாகப் பிரிய வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில், சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் போகிறவர், பின்னால் வருகிறவர் என்ற இரண்டு இடங்களுக்கும் எதிரே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
பேர்லின்